நாய்க்குப் பூச்சி மருந்து: செலவும் பக்கவிளைவும்

பேராதனையிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் வீதிக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், கடைசி லயத்தின் கடைசிக் காம்பிராவில் வாழும் ஒரு குடும்பத்தினருக்கு ஒரு நாய் உண்டு. லயத்துக்குப் பின்னால் அவர்கள் போட்டிருக்கும் போஞ்சிப் பாத்திகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பது அதன் வேலை. கடந்த மழைக்காலத்தில் அதன் உடம்பெங்கும் சொறி. மாட்டுக்காக வாங்கிய ஊசிமருந்து போத்தலில் மிச்சம் இருப்பதாக அயலவர் ஒருவர் சொன்னார். "மாட்டுக்கு ஐந்து போட்டோம், நாய்க்கு மூன்று போதும்" என்று 3 மில்லிலீற்றரை ஏற்றினார். மறுநாள் நாய் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடியது. கண்மணி விரிந்து, சுவரில் மோதியது. வாயிலிருந்து வீணி வடிந்தது. ஐந்தாம் நாள்தான் தானாகத் தண்ணீர் குடித்தது. அது பிழைத்தது அந்த வீட்டுப் பிள்ளைகள் இரவு பகலாகத் துணியில் நனைத்து வாயில் ஊற்றிய தண்ணீராலும், ஓரளவு அதிர்ஷ்டத்தாலும் ஆகும்.

அயலவர் கெட்டவர் அல்லர். அவர் கணக்கைத் தெரியாதவர், அவ்வளவே. அந்த ஊசி ஐவர்மெக்டின். மாட்டுக்கான போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். 50 கிலோ நிறைக்கு ஒரு மில்லிலீற்றர் என்பதே மாட்டுக்கணக்கு. அப்படியானால் 3 மில்லிலீற்றர் 150 கிலோ நிறையுள்ள ஒரு கிடாரிக்குரிய அளவு. நமது நாயோ 9 கிலோ. மாட்டுக்குரிய அதே விகிதத்தில் போட்டிருந்தாலும் ஒரு மில்லிலீற்றரில் ஐந்திலொரு பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது. அது பெற்றது ஏறக்குறைய 17 மடங்கு.

இதில் மருந்தைக் குற்றம் சொல்வதா? ஐவர்மெக்டினைக் கண்டுபிடித்தமைக்காக ஜப்பானியரான சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. யானைக்கால், ஆற்றுக்குருடு ஆகிய நோய்களுக்கு எதிராகக் கோடிக்கணக்கான மனிதருக்கு அது கொடுக்கப்பட்டுள்ளது. சொறிப்பூச்சிக்கும் மிருக வைத்தியர்கள் அதை நாய்களுக்குக் கொடுக்கிறார்கள், ஆனால் நிறுத்து, அளந்து. இன்னொன்றும் உண்டு. கொலி இன நாய்களில் பலவற்றுக்கு, மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவல் பிறவியிலேயே இல்லை. அதற்குக் காரணமான மரபணுக் குறைபாடு 2001இல் கண்டறியப்பட்டது. மற்ற நாய் தாங்கும் அளவு அவற்றைச் சாகடிக்கும். நமது தெருநாய்களிடம் இதற்கு அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கண்டி நகரில் வளர்க்கப்படும் மேல்நாட்டு இனங்களின் கலப்புக் குட்டிகள் இப்போது தோட்டங்களுக்கும் வந்து சேர்கின்றன. அத்தகைய குட்டியானால் வைத்தியரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பொருள்

நமது பேச்சில் "பூச்சி மருந்து" என்றால் வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கும் குளிசையும் அதுதான், மரக்கறிக்குத் தெளிக்கும் நஞ்சும் அதுதான். கடையில் "நாய்க்குப் பூச்சி மருந்து தாருங்கள்" என்று கேட்டால் எதைத் தருவார்கள் என்பது கடைக்காரரைப் பொறுத்தது. உண்ணிக்கு விவசாய நஞ்சைக் கரைத்துத் தேய்ப்பது நமது பகுதிகளில் இன்னும் நடக்கிறது. மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் போன்ற கடும் நஞ்சுகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. கடையில் எஞ்சியிருப்பவை யாவும் தோலுக்கு உகந்தவை என்று இதற்குப் பொருளில்லை. நாய் தன்னை நக்கும். அந்த நஞ்சு தோலாலும் வாயாலும் உள்ளே போகும். எச்சில் ஒழுகுதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியன அதன் அடையாளங்கள். தேய்த்த கைக்கும் இதே ஆபத்து உண்டு.

எரிந்த ஒயிலும் மண்ணெண்ணெயும் இதே வகையைச் சேர்ந்தவை. செலவில்லை என்று தோன்றும். ஆனால் தோல் வெந்து, நக்கியது நுரையீரலுக்குள் போனால் வைத்தியச் செலவு சொறிமருந்தின் விலையைப் பல மடங்கு தாண்டும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலந்து பூசுவதும் பாதுகாப்பானதன்று, கற்பூரத்தை நக்கும் நாய்க்கு வலிப்பு வரலாம்.

வயிற்றுப் புழு

நாய்ப்புழு நாய்க்குரிய சங்கதி என்று தள்ளிவிடுவோருக்கு ஒரு செய்தி. 1911இல் லூஸ் என்ற விஞ்ஞானி, இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து பெற்ற ஒரு கொழுக்கிப்புழுவை விவரித்து, அதற்கு இந்நாட்டின் பெயரையே வைத்தார். அன்கிலோஸ்டோமா சிலோனிக்கம் என்பது அதன் பெயர். நாயின் குடலிலும் பூனையின் குடலிலும் வாழும் அதே புழு மனிதரின் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்கும். பிள்ளைகளுக்குப் புழுக்குளிசை கொடுத்துவிட்டு, அதே முற்றத்தில் நாயை மட்டும் விட்டுவைத்தால் புழு மீண்டும் வர வழி இருக்கிறது. நாயின் வேறு கொழுக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து ஊரும் அரிப்பை உண்டாக்கும். வெறுங்காலுடன் மணலில் விளையாடும் பிள்ளைகளிடம் அதனைப் பார்த்திருப்பீர்கள்.

இவ்விடயத்தில் நல்ல செய்தி என்னவென்றால், மலிவும் பாதுகாப்பும் ஒன்றாகச் சேர்ந்து வருவதுதான். பைரன்டெல் என்ற மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே போகும். ஆகவே இரண்டு வாரக் குட்டிக்கும் கொடுக்கக் கூடியது. பக்கவிளைவு எனச் சொல்வதானால் சில வேளை ஒரு சத்தி, அவ்வளவே. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், நாய்க் கொழுக்கிப்புழு பாலோடு போகும். அதனால் குட்டிக்கு இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என எட்டு வாரம்வரை கொடுக்க வேண்டும், தாய்க்கும் சேர்த்து. ஈறு வெளுத்து, கறுப்பாக மலம் கழிக்கும் குட்டிக்கு நாள் கடத்தக் கூடாது.

பென்பென்டசோலும் நாய்க்கு நல்ல பாதுகாப்புள்ள மருந்து, ஆனால் மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிய மெபென்டசோலில் ஒன்றை நாய்க்கும் போடுவோர் உளர். ஒரே தடவை கொடுப்பதால் பெரும்பாலும் பயனில்லை. அரிதாகச் சில நாய்களுக்கு ஈரல் பாதிப்பும் ஏற்பட்டதுண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் லெவமிசோலையோ நாய்க்குத் தொடாதிருப்பது நன்று, குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி சிறிது.

நாயின் வாலடியில் சோறு போன்ற மணிகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. மேற்சொன்ன பைரன்டெல் அதற்குக் கேட்காது, பிரசிகுவான்டெல் வேண்டும். ஆனால் அந்தப் புழு தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் அந்தக் குளிசைக்குப் பணம் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதாகும்.

மருந்தின் விலையையும் தீங்கையும் நிறுத்துப் பார்க்கும் பிரச்சினை நமது தோட்டங்களுக்குப் புதியதன்று. றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் இந்நாட்டுத் தோட்டங்களில் தொடங்கியபோது தொழிலாளருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகள் கடுமையானவை. 1921இல் அமெரிக்க மிருக வைத்திய விஞ்ஞானி மோரிஸ் ஹோல், காபன் டெட்ராகுளோரைட்டு நாயின் கொழுக்கிப்புழுவை வெளியேற்றுவதைக் கண்டார். அடுத்த ஆண்டளவிலேயே அது இலங்கையில் மனிதருக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. மிக மலிவு. ஆனால் ஈரலைக் கெடுக்கக் கூடியது. இன்று எந்த வைத்தியரும் அதை நாய்க்குக்கூடக் கொடுக்க மாட்டார். நம் பாட்டன்மார் அதனை விழுங்கியவர்கள்.

உண்ணி: மருந்து யாருக்கு?

நாய் உண்ணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் வீணாவது இங்கேதான் அதிகம். நாயின் காதில் கொழுத்துத் தொங்கும் பெண் உண்ணி இரத்தம் நிரம்பியதும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ பலகை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். குஞ்சு நாயில் ஏறிக் குடித்துவிட்டு இறங்கித் தோலுரிக்கும். மீண்டும் ஏறும், மீண்டும் இறங்கும். ஆக, எந்த நேரத்திலும் உண்ணிகளில் மிகப் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, நம் காம்பிராச் சுவரில் இருக்கின்றன. இரை இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் முடியும். நாயை மட்டும் கழுவிவிட்டு, அடுத்த வாரமே "மருந்து சரியில்லை" என்று சொல்கிறோம்.

வெடிப்பைச் சாந்து பூசி அடைத்தல், நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை எரித்து மாற்றுதல் அல்லது கொதிநீரில் போடுதல், கூட்டிய குப்பையை நெருப்பில் இடுதல் ஆகியவற்றுக்குப் பக்கவிளைவு கிடையாது. செலவும் கைவேலை மட்டுமே. லயச் சுவர் தோட்டத்துக்குச் சொந்தமானது, வெடிப்பை நாங்கள் ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்போரும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் உண்ணி அந்த வழக்கு முடியும்வரை பொறுப்பதில்லை.

இனி மருந்து. அமிட்ராஸ் என்ற கழுவு மருந்து விலை குறைந்தது, ஒரு போத்தலைப் பல வீட்டார் பகிரலாம். 12.5 வீத மருந்தானால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 மில்லிலீற்றர் என்பது வழக்கமான கலவை. "கொஞ்சம் கூடப் போட்டால் நன்றாகச் சாகும்" என்பவர் உண்ணியை அல்ல, நாயையே மயக்குகிறார். நாய் சோம்பி, இதயத்துடிப்பு குறைந்து, குளிர்ந்து போகும். இரத்தத்தில் சீனி கூடும். நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டி, சினைநாய், நீரிழிவுள்ள நாய் ஆகியவற்றுக்கு இது வேண்டாம். கலந்ததை அன்றே பாவித்து முடிக்க வேண்டும். பூசுபவர் கையில் உறை போட்டு, திறந்த வெளியில் பூச வேண்டும். காயும்வரை நாயை நக்கவிடக் கூடாது.

கழுத்தடியில் விடும் பிப்ரோனில் துளி இதைவிட இலேசானது, விலை கூட. அதைவிட விலை கூடியவை 2013ஆம் ஆண்டுக்குப் பின் உலகச் சந்தைக்கு வந்த அபொக்சொலேனர், புளுரலேனர் போன்ற குளிசைகள். ஒன்றை விழுங்கினால் ஒரு மாதம், சிலது மூன்று மாதம் உண்ணியைக் கொல்லும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் இவ்வகைக் குளிசைகளால் சில நாய்களுக்குத் தசை நடுக்கமும் வலிப்பும் வரலாம் என எச்சரித்தது. அதே நிறுவனம் பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் சொன்னது. முன்பு வலிப்பு வந்த நாயானால் வேறு மருந்து தேடுவது நல்லது. மற்ற நாய்களுக்குத் தடை பக்கவிளைவன்று, விலைதான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. 2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி விழுந்த பின், இறக்குமதியாகும் இத்தகைய குளிசை ஒன்று ஒரு நாட்சம்பளத்தில் அடங்குவதில்லை.

கொடுக்காவிட்டால் ஆகும் செலவு

மருந்தின் விலையோடு நிறுக்க வேண்டிய மறுதட்டு உண்ணிக்காய்ச்சல். பபீசியா கிப்சோனி என்ற கிருமி உண்ணிக்கடியால் வந்து செங்குருதிக் கலங்களை உடைக்கும். நமது பகுதி நாய்களிடம் இது சாதாரணம். நாய் உண்ணாமல் காய்ச்சலுடன் படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். ஊசியாகப் போடும் டிமினசீன் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக் கூடிய மருந்து, அளவு சற்றும் மிஞ்சக் கூடாது. அப்படியிருந்தும் இந்தக் கிருமியை முற்றாக அழிக்காமல் விடுவதுண்டு. இமிடோகாப் ஊசி சத்தியும் எச்சிலும் வரச் செய்யும். நன்கு கேட்கும் அடொவகுவோனோ விலையில் எட்டாத உயரம். ஆகவே உண்ணியைத் தடுக்கும் மருந்தின் சிறு ஆபத்தை, உண்ணிக்காய்ச்சல் மருந்தின் பெரிய ஆபத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதற்கு மாறாக, வாங்கத் தேவையில்லாத மருந்தும் உண்டு. மேல்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து மாதந்தோறும் "இதயப்புழு" மருந்து கேட்போர் கண்டி நகரில் இருக்கிறார்கள். இலங்கை நாய்களிடம் காலங்காலமாகக் கண்டறியப்பட்டு வருவது இதயப்புழுவன்று, அதன் உறவான டைரோபிலேரியா ரெபென்ஸ். அது தோலுக்கடியில் வாழ்வது, நுளம்பால் பரவுவது. மனிதரின் கண்ணிலும் தோலிலும் கட்டியாக வந்து இங்குள்ள வைத்தியர்களால் எடுக்கப்படுவதும் அதுவே. நாயின் இரத்தத்தில் இதன் குஞ்சுகள் நிறைந்திருக்கும்போது ஐவர்மெக்டின் போட்டால் அவை ஒருசேரச் செத்து, நாய் அதிர்ச்சியில் விழவும் கூடும். இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்த பின் ஊசி போடுவது இதனால்தான்.

செலவுக்கணக்கில் போக்குவரவையும் சேர்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை நமக்கு அருகிலிருப்பது பெரும் பேறு. ஆனால் நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஓட்டோக் கூலியும் ஒரு நாள் சம்பள இழப்பும் மருந்தின் விலையை மிஞ்சிவிடும். அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு லயத்தில் ஒருவர் மட்டும் சென்று, எல்லா வீட்டு நாய்களின் வயதையும் நிறையையும் எழுதிக்கொடுத்து ஆலோசனை கேட்கலாம். விசர்நாய்த் தடுப்பூசி இலவசமாகப் போடப்படும் நாளில் நாய்கள் எப்படியும் ஒன்றுகூடுகின்றன. அன்றே புழு மருந்தையும் கொடுத்துவிட்டால் தனிப் பயணம் இல்லை.

நிறையை எப்படி அறிவது? நாயைச் சாக்கில் கட்டிக் கொழுந்துத் தராசில் தொங்கவிட்ட ஓர் இளைஞரை எனக்குத் தெரியும், கங்காணியார் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. கடையில் உள்ள மேடைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, நாயில்லாமல் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும்.

கலஹா வீதிக் குடும்பத்தார் அவ்வாறுதான் நிறுத்தார்கள். நாய் இப்போது 11 கிலோ. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு போத்தல் அமிட்ராஸும், நாய்க்கும் அதன் இரண்டு குட்டிகளுக்கும் பைரன்டெலும் வாங்கினார்கள். மிச்சப் பணத்தில் அரை மூடை சீமெந்து வாங்கிச் சுவர் வெடிப்பை அடைத்தார்கள்.