அயலணுவைக் காக்கும் புரதம்

ஊரில் ஒரு கூரைவீடு தீப்பற்றினால் அவ்வீட்டார் கூவி எச்சரிப்பர். அண்டை வீட்டார் தம் கூரையை நனைத்துக் காப்பர். நம் உடலிலும் இத்தகைய காவல் உண்டு. நச்சுயிர் புகுந்த உயிரணு ஒரு புரதத்தை வெளிவிட்டு அயலணுக்களை எச்சரிக்கின்றது.

1957ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் அறிஞர் இருவர் இதனைக் கண்டறிந்தனர். வெப்பத்தால் வலியிழக்கச் செய்த இன்புளுவென்சா நச்சுயிரைக் கோழிமுட்டைக் கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தனர். பின்னர் அந்நீரில் ஊறிய புதிய சவ்வில் வலியுள்ள நச்சுயிரை விட்டனர். அதன் பெருக்கம் தடைப்பட்டது. இடையிட்டுத் தடுப்பது என்னும் பொருள்பட அப்பொருளுக்கு இண்டர்பெரான் எனப் பெயரிட்டனர். அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க இயலாமையால், அப்படியொரு பொருள் உண்டோ எனச் சிலர் ஐயுற்றனர். அவ்வையம் முற்றும் நீங்குமுன்னே, 1967இல், ஐசக்ஸ் தம் 45ஆம் வயதில் மறைந்தார்.

மருந்தாகும் ஆல்பா இண்டர்பெரான் 165 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. அம்மாலை ஐந்து சுருள்களாக மடிந்து, இரண்டு கந்தகப் பிணைப்புகளால் உருக்குலையாது நிற்கின்றது. பூட்டுக்கேற்ற திறவுகோல்போல் அது அயலணுவின் புறத்தேயுள்ள ஏற்பியிற் பொருந்தும். உடனே செய்தி உட்கருவை அடைய, நச்சுயிரைத் தடுக்கும் புரதங்கள் பல தோன்றும். ஆகவே, இண்டர்பெரான் தானே பகையைக் கொல்வதன்று, காவலரை எழுப்புவதேயாம்.

முன்னர் மனிதக் குருதியின் வெள்ளணுக்களினின்று இது சிறிதளவே கிடைத்தது. 1980இல் இதன் மரபணுவைப் பாக்டீரியாவினுட் செலுத்திப் பெறும் வழி வெளியாயிற்று. பின்னர்க் கல்லீரலைத் தாக்கும் நச்சுயிர் நோய்களுக்கும் சிலவகைப் புற்றுக்கும் இது மருந்தாயிற்று. காய்ச்சல், சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியனவும் இதனால் விளையக்கூடுமாதலின், மருத்துவர் அளவறிந்தே கொடுப்பர். உண்டோ என ஐயுற்ற பொருள் உயிர்காக்கும் மருந்தானது, ஆய்வினைக் கைவிடாதார் பெற்ற பயனாகும்.