மெழுகா? சீலண்டா?

கார் வாங்குவது கூடப் பெரிதல்ல. வாங்கிய காரைப் பளபளப்பாக வைத்திருப்பது இருக்கிறதே, அதுதான் பெரிது!

திருவான்மியூரில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆயுள் முழுவதும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போனவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில், மனைவியின் முழங்கால் வலியை உத்தேசித்து, ஒரு சிறிய கார் வாங்கினார். கருநீல வண்ணம். வந்த அன்று அதில் முகம் பார்த்துத் தலை வாரிக் கொள்ளலாம், அப்படி மின்னியது.

வீட்டில் காரை நிறுத்த இடம் கிடையாது. வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அது நின்றது. ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"ஸார், கொஞ்சம் வந்து பாருங்கள். அம்மை வார்த்த மாதிரி இருக்கிறதே, இது என்ன?"

பார்த்தேன். பானெட் முழுவதும் வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்புகள். ஓரிடத்தில் காலணா அகலத்துக்குப் பெயிண்ட் மங்கிச் சுருங்கியிருந்தது. காக்கை செய்த வேலை!

"துடைத்தால் போகவில்லை. கடையில் கேட்டால் ஒருவர் மெழுகு போடச் சொல்கிறார். இன்னொருவர், மெழுகெல்லாம் அந்தக் காலம், சீலண்ட் போடுங்கள் என்கிறார். நான் எதைப் போட?"

பணம் போட்டவர் கேட்கிற கேள்வி. இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

பெயிண்ட் கெடுவது எப்படி?

முதலில் காரின் மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் அடிப்பூச்சு. அதன் மேல் வண்ணம். அதற்கும் மேலே, கண்ணாடி போல நிறமில்லாத ஒரு பூச்சு. 'கிளியர் கோட்' என்பார்கள். பளபளப்பெல்லாம் இதனுடையதுதான். இதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் கூட இதை விட அதிகமாக இருக்கும்!

உற்பத்தி 2014-ல் நின்றுபோன அம்பாஸடரில், பழைய வண்டிகளுக்கு இந்த மேல்பூச்சு கிடையாது. தேய்த்தால் துணியில் வண்ணமே ஒட்டிக் கொண்டு வரும். இப்போது துணி சுத்தமாக இருக்கிறது. அதனால் ஒன்றும் தேயவில்லை என்று நினைத்து விடுகிறோம்.

காக்கை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயிண்ட் சூடேறி இளகும். மேலே கிடக்கும் எச்சம் காய்ந்து இறுகும். பின்பு பெயிண்ட் ஆறும்போது அந்தத் தழும்போடு ஆறிவிடும். வெள்ளை வட்டங்களோ ஆழ்குழாய்த் தண்ணீரின் கைங்கரியம். நீர் ஆவியாகிப் போகும். அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து தங்கி விடும். கடற்கரைப் பக்கமானால் உப்புக் காற்று வேறு.

தழும்பு விழுந்த பிறகு போக்க ஒரே வழி, பாலிஷ் போட்டுத் தேய்ப்பது. பாலிஷ் என்பது நுண்ணிய அரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது மேல்பூச்சைச் சுரண்டிச் சமப்படுத்துகிறது. ஒரு தடவை, இரண்டு தடவை சரி. மாதந்தோறும் தேய்த்தால் 40 மைக்ரான் எத்தனை நாளைக்கு வரும்? அது போய் விட்டால் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு கதி இல்லை.

ஆகவேதான் அதற்கு மேலே, தேய்ந்தால் பாதகமில்லாத ஒன்றைப் பூசுகிறோம். அடி விழுந்தால் அது வாங்கிக் கொள்ளட்டும் என்று. மெழுகும் அதுதான், சீலண்டும் அதுதான்.

பனைக்குப் பங்காளி

கார் மெழுகில் உயர்ந்தது கார்னோபா மெழுகு. இது பிரேஸில் தேசத்தின் வடகிழக்கில், ஸியாரா, பியாவி முதலிய மாநிலங்களில் வளரும் ஒரு பனையிலிருந்து கிடைக்கிறது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. அங்கே மாதக் கணக்கில் மழையே இராது. ஓலையிலுள்ள நீர் வற்றிப் போகாமலிருக்க, மரம் தானே ஓலை மேல் மெழுகைப் பூசிக் கொள்கிறது! ஓலையை வெட்டி வெயிலில் உலர்த்தி அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். அதை உருக்கி வடிகட்டுகிறார்கள்.

இந்த மெழுகின் மூலத்தைத் தேடி 1935-ல் ஓர் அமெரிக்க முதலாளி விமானமேறிப் போனார். அவர் பெயர் ஹெர்பர்ட் ஜான்ஸன். தரை மெழுகு, சாமான் மெழுகு விற்ற ஜான்ஸன் கம்பெனியின் தலைவர். நீரிலும் நிலத்திலும் இறங்கக் கூடிய சிகோர்ஸ்கி விமானத்தில் அமெரிக்காவிலிருந்து பிரேஸிலுக்குப் பறந்தார். அவருடைய மகன் 1998-ல் அதே மாதிரி விமானம் ஒன்றைச் செய்வித்து, அதே வழியில் மறுபடி பறந்தார். ஒரு மெழுகுக்காக இவ்வளவா என்று தோன்றுகிறதல்லவா?

கார்னோபா உருக 82 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் சூடு வேண்டும். தேன்மெழுகுக்கு 62, 64 போதும். அப்படியானால் சென்னை வெயிலுக்குக் கார்னோபா தாங்குமே என்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சுத்தக் கார்னோபா கல் போலக் கெட்டி. அதைக் காரில் பூசவே முடியாது. எண்ணெயும் கரைப்பானும் மற்ற மெழுகுகளும் கலந்து இளக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். டப்பாவின் மேல் 'நூற்றுக்கு நூறு கார்னோபா' என்று போட்டிருந்தால், டப்பா முழுவதும் அதுதான் என்று அர்த்தமல்ல. சித்திரை வெயிலில் நிற்கும் கருநிறக் காரின் தகடு 70 டிகிரியைத் தொடும். கலவை மெழுகு அதில் எத்தனை நாள் நிற்கும்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு ஏப்ரலில் அரை நாள் செலவழித்து, தோள்பட்டை வலிக்க மெழுகு பூசினேன். கார் தேன் தடவினாற் போல் இருந்தது. அந்த அழகை இன்னும் மறக்கவில்லை. ஜூன் பிறப்பதற்குள் கூரையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருளுவது நின்று விட்டது. முத்து நின்றால் மெழுகும் போயிற்று என்று எண்ணிக் கொள்ள வேண்டியதுதான்.

தொழிற்சாலையில் பிறந்தது

சீலண்ட் மரத்தில் காய்ப்பதல்ல, ரசாயனசாலையில் பிறந்தது. சிலிகான் முதலிய பாலிமர் சரக்கு. பூசியபின் பெயிண்டைப் பற்றிக் கொண்டு இறுகுகிறது. மெழுகைப் போல் வெயிலில் இளகாது. மெழுகு சில வாரம், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதம். சீலண்ட் நாலு முதல் ஆறு மாதம் வரை நிற்கும். நம் வெயிலில் அதில் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்.

குறை இல்லையா? உண்டு. சிலர் கண்ணுக்கு அதன் பளபளப்பு கண்ணாடி மாதிரி வெறிச்சென்று இருக்கும். மெழுகின் கனிவு வராது. அதோடு, அது பிடிக்க வேண்டுமானால் பெயிண்ட் துப்புரவாக இருக்க வேண்டும். பழைய மெழுகோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் ஒட்டாது. ஆகவே சீலண்டின் மேல் மெழுகு பூசலாம். மெழுகின் மேல் சீலண்ட் பூசக் கூடாது. பூசிய பின் டப்பாவில் சொன்னபடி அரை நாளோ ஒரு நாளோ தண்ணீர் படாமல் வைக்க வேண்டும்.

தலைமையாசிரியரிடம் இதைத்தான் சொன்னேன். "உங்களிடம் ஷெட் இருந்து, ஞாயிறுதோறும் காரோடு பொழுது போக்க ஆசையும் இருந்தால் மெழுகு. கார் தெருவில் நிற்கிறது. வயதும் அறுபதைத் தாண்டி விட்டது. சீலண்டே போடுங்கள். வருஷத்துக்கு மூன்று தடவை போதும்."

"அப்படியானால் இனி காக்கைக்குப் பயப்பட வேண்டாமே?"

"பயப்படத்தான் வேண்டும்! எச்சத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே போட்டு ஊற விட்டு, அப்படியே ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்."

கீறலையும் கல்லடியையும் இரண்டில் எதுவும் தடுக்காது. பத்தாயிரக் கணக்கில் ரூபாய் கேட்கிற பீங்கான் பூச்சு, அதான் 'ஸெராமிக்', அது தனிக் கதை.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். "காரைத் தினம் யார் துடைக்கிறார்கள்?"

விடியற்காலையில் ஒரு பையன் வருகிறானாம். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, ஏழெட்டுக் கார்! சில நாள் சோப்புத்தூள். பளபளப்புக்காக எப்போதாவது கொஞ்சம் மண்ணெண்ணெய். பையனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புழுதி படிந்த காரை அந்தத் துணியால் துடைப்பது உப்புக்காகிதத்தால் தேய்ப்பது போல. சோப்புத்தூள் மெழுகைக் கழுவிக் கொண்டு போய் விடும். இப்படித் துடைத்தால் எதைப் பூசினாலும் தண்டம்தான். முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியைப் போக்கி, கார் ஷாம்புவில் கழுவி, மைக்ரோபைபர் துணியால் ஒற்ற வேண்டும். பையனுக்கு மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, வாரம் இரண்டு நாள் கழுவினால் போதும் என்று ஏற்பாடு செய்தோம்.

பிறகு ஒரு பட்டறையில் தழும்புகளுக்கு ஒரே தடவை பாலிஷ் போடச் செய்தார். காலணாத் தழும்பு முழுவதும் போகவில்லை. போகிற வரை தேய்க்க வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லி விட்டோம்.

அந்தச் சனிக்கிழமை மாலை, தகடு ஆறி விட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்த்து, நிழலில் சீலண்டை மெல்லியதாகப் பூசித் துடைத்தோம். எண்ணி ஒரு மணி நேரம். இரவு பனியோ மரத்துச் சொட்டோ படக் கூடாதே! அவருடைய கார் எங்கள் ஷெட்டில் படுத்தது. என்னுடையது மரத்தடிக்குப் போயிற்று.

காலையில் காப்பியும் கையுமாக வாசலுக்கு வந்தால், தலைமையாசிரியர் ஈரத்துணியோடு என் காருக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார்.