உங்களுக்குத் தெரியுமா? ஏலரிசி அளவுதான் எரிகல்!
போடிமெட்டு ஏறும் வழியில் இரவு வானில் சட்டென ஓடி மறையும் வெளிச்சக் கோட்டை ‘நட்சத்திரம் விழுகிறது’ என்போம். விழுவது நட்சத்திரமல்ல. பெரும்பாலும் மணல் துகளிலிருந்து ஓர் ஏலரிசி வரைதான் அதன் அளவு! டிசம்பர் 14ஐ ஒட்டிப் பொழியும் ஜெமினிட் எரிகற்கள் நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில் வருகின்றன. இவற்றின் தாய், 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள்.

சிறுகோள் தேடலில் தமிழ்நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டது ‘ஆசியா’. இக்கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. 1866இல் அவர் கண்ட ‘சில்வியா’வை இரண்டு குட்டி நிலவுகள் சுற்றுவது 2005இல் உலகுக்குத் தெரிந்தது. போக்சனுக்குப் பின் நூறாண்டுக்கும் மேல் இந்தியாவிலிருந்து புதிதாக ஒன்றும் சிக்கவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையின் காவலூரில் ஆர். ராஜமோகன் அந்த ஏக்கத்தைத் தீர்த்தார். அந்தச் சிறுகோளின் எண் 4130, பெயர் ராமானுஜன். நம் கணித மேதைக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இல்லை.

மீண்டும் எரிகல்லுக்கு வருவோம். ஒரே எரிகல்லைப் போடியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் ஒருசேரப் படமெடுத்தால், பின்னணி நட்சத்திரங்களிடையே அது இடம் மாறித் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்தே அதன் உயரத்தையும் வந்த பாதையையும் கணக்கிடலாம். மேகம் விலகிய டிசம்பர் இரவில், விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். நேரத்தையும் திசையையும் குறித்து வையுங்கள்.