அம்மா, உங்கட முறை!

விண்வெளிக் கப்பல்களையும் வேற்றுக் கிரகங்களையும் பற்றி நான் கட்டுரை எழுதுவேன் என்று சென்ற வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கம்ப்யூட்டர் கேம் என்றாலே எனக்கு வெறுப்பு. பிள்ளைகளின் படிப்பையும் கண்ணையும் கெடுக்க வந்த சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனது மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். எங்கள் நாட்டில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். தையல் பழகச் சொன்னேன், ஆங்கில வகுப்புக்குப் போகச் சொன்னேன். அவளோ ஒரு நாள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தை நிலத்தில் விரித்து, அதன் மேல் சோகிகளையும் புளியங்கொட்டைகளையும் பரப்பி வைத்திருந்தாள்.

"இதென்ன புள்ள, தாயமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் ஒரு கேம் செய்யப் போறன். முதல்ல தாளில விளையாடிப் பார்க்கோணும். இருங்க, உங்கட முறை."

சோகி ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். புளியங்கொட்டை கப்பல். கச்சான் தொழிற்சாலை. (தொழிற்சாலைகளில் பாதியை இளையவன் தின்று தீர்த்தது வேறு கதை.) இதில் சுடுவதற்குக் கை வேகம் தேவையில்லை. தாயத்தைப் போல, சதுரங்கத்தைப் போல, ஒருவர் தன் முறையை முடித்த பிறகுதான் மற்றவரின் முறை வரும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து ஆறுதலாக யோசிக்கலாம். நான் உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு மூதாதை இருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் வெளியான 'மாஸ்டர் ஒஃப் ஓரியன்' அது. ஸ்டீவ் பார்சியா என்பவரின் சிம்டெக்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்க, மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்டது. அதன் மிகப் பெரிய வரைபடத்தில் 108 நட்சத்திரங்கள். ஆடுபவர் தன் வசமுள்ள ஒவ்வொரு கிரகத்தின் உழைப்பையும் கப்பல், பாதுகாப்பு, தொழில், சுற்றாடல், ஆராய்ச்சி என்று ஐந்தாகப் பங்கிட வேண்டும். கப்பலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுச் சுற்றாடலை மறந்தால் கழிவு பெருகிச் சனத்தொகை குறைந்துவிடும்.

மகள் இதைச் சொன்னதும் எனக்கு விளையாட்டுப் புரிந்துவிட்டது. மாதத் தொடக்கத்தில் கைக்கு வருகிற காசைச் சீட்டு, கரண்ட் பில், ரியூசன், மீன், மருந்து என்று பிரிக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புதுப் பாடம் அல்ல.

முதல் ஆட்டத்திலேயே நான் வென்றுவிட்டேன்! என்னிடம் இருந்தவை இரண்டே சோகிகள். ஆனால் வேறொன்றும் செய்யாமல் கச்சானை மட்டும் குவித்துக்கொண்டே போனேன். "இவ்வளவு தொழிற்சாலையில வேலை செய்ய ஆக்கள் எங்கம்மா?" என்று மகள் கேட்டாள். "அப்படி ஒரு சட்டம் நீ சொல்லல்லையே" என்றேன். அவளுடைய முகம் வாடிவிட்டது. இரண்டு நாட்களாக அந்தத் தாளை விரிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு செய்தியோடு வந்தாள். மாஸ்டர் ஒஃப் ஓரியனுக்கும் ஒரு முதல் வடிவம் இருந்ததாம். அதன் பெயர் 'ஸ்டார் லோட்ஸ்'. அது ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை. 2001இல்தான் இலவசமாக வெளியிடப்பட்டது. பயன்படுத்த முடியாத அளவுக்குத் தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டே போவதைத் தடுக்க அதிலும் ஏற்பாடு இல்லை! ஆராய்ச்சியை ஆடுபவர் விரும்பிய பக்கம் திருப்பவும் முடியாது. அதன் தொடக்கத் திரையில், 'சிம்டெக்ஸும் உங்கள் கொம்பனியும் வழங்கும்' என்ற பொருளில் ஒரு வரி வரும். எந்தக் கொம்பனி எடுக்கும் என்று தெரியாமல், பெயருக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வரி மிகவும் பிடித்துக்கொண்டது. அலன் எம்ரிச், ரொம் ஹியூஸ் என்ற இருவர் அதை ஆடிப் பார்த்துக் குறைகளைச் சொல்ல, திருத்தித் திருத்தித்தான் பிறகு எல்லோரும் புகழ்ந்த விளையாட்டு வந்தது. "நீங்கதான் எனக்கு எம்ரிச்" என்றாள் மகள்.

இதனால் சோறு கிடைக்குமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். கனடாவில் ரொறன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் கொப்பியைப் பார்த்து இட்லி அவிப்பதுதான் அதன் தொடக்கம். 2024இல் அதற்குப் பிரித்தானியாவின் 'பாஃப்டா' விருது கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் செலவு என்று பார்த்தால், 'கோடோ' என்ற மென்பொருளில்தான் மகள் வேலை செய்கிறாள். ஆர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது அது, ஒரு சதமும் கேட்பதில்லை. இப்போதைக்குத் திரையில் வெள்ளைப் புள்ளிகளாக நட்சத்திரங்கள் மட்டும் தெரிகின்றன. கப்பல்கள் இன்னும் நகரவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது வேறொரு விடயத்தில். மேலே சொன்ன அலன் எம்ரிச் 1993இல் ஒரு சஞ்சிகையில், இந்த வகை விளையாட்டு முழுவதையும் நான்கு சொற்களில் அடக்கினார்: தேடு, பரவு, சுரண்டு, அழி. இன்றைக்கும் உலகமெங்கும் இந்த வகைக்கு அதுவே பெயர். மட்டக்களப்பில் பிறந்த எனக்கு அது கேட்ட கதை. 1602இல் ஒல்லாந்தரின் கப்பல் வந்தது. 1628இல் போர்த்துக்கீசர் வாவியோரம் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அவர்களுடைய வரைபடத்தில் நாங்களும் ஒரு சோகி.

"நாலாவது சொல் வேணாம், எடுத்துப்போடு" என்றேன். "சண்டை இல்லாட்டி யாரம்மா விளையாடுவாங்க? இது வெறும் கேம்தானே" என்றாள். எல்லோரையும் அழிக்காமலும் வெல்லலாம், பழைய ஓரியனிலேயே கிரகங்களின் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற்றால் வெற்றிதான் என்றும் வாதாடினாள்.

அன்றிரவுதான் நான் அவளுக்குச் சொல்லாத கதையைச் சொன்னேன். 2007 வரை எங்கள் வாவியே ஒரு போர் வரைபடம். படுவான்கரை ஒரு தரப்பிடம், எழுவான்கரை மறு தரப்பிடம். மண்முனைத் துறையில் பாதையில் ஏறி அக்கரை போனால் சட்டம் வேறு, சோதனை வேறு. பாலம் வந்தது 2014இல்தானே. என் அக்கா படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டவள். 2007 மார்ச்சில் ஷெல்லடிக்குத் தப்பி அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் இந்தப் பக்கம் வந்தபோது, அவளும் மூன்று பிள்ளைகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். இவள் அப்போது கைக்குழந்தை. உலையில் இரண்டு சுண்டு அரிசி கூடுதலாகப் போட்டேன். அதற்கு வேறு எதைக் குறைத்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கொப்பியில் புதிய சட்டம் ஒன்று இருந்தது. நாலாவது சொல்லை அவள் எடுக்கவில்லை. ஆனால் ஒரு நட்சத்திரத்தை யாராவது அழித்தால், அதிலிருந்த சனம் பக்கத்து நட்சத்திரத்துக்கு வந்து சேரும். அது யாருடையதாக இருந்தாலும் சரி, அழித்தவனுடையதாக இருந்தாலும் சரி. வந்தவர்களுக்குச் சாப்பாடு ஒதுக்கிய பிறகுதான் கப்பல் கட்டலாம்.

"எத்தனை முறைக்கு ஒதுக்கோணும்?" என்று கேட்டேன்.

"பெரியம்மா இஞ்ச எவ்வளவு காலம் இருந்தாங்க?"

"ஏழு மாசம்."

ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

அந்தச் சட்டத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்தோம். ஆட்டம் ஆமை வேகத்தில் போகிறது என்று இளையவன் இடையில் எழுந்து போய்விட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஏழு கொஞ்சம் கூடத்தான். நான் தோற்றுவிட்டேன். பக்கத்து நட்சத்திரம் எரிந்தபோது என் சோகியில் கச்சான் இருந்தது, சாப்பாடு இருக்கவில்லை.