மயக்கம்னா எந்த மயக்கம்? ஆஸ்பத்திரியில் ‘இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள்’ ஆனவங்களுக்கு

முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழ் வாங்கி இன்ஜினியரிங் சேர்ந்தவங்க நம்ம கேம்பஸ்ல நிறைய பேர். அந்தச் சான்றிதழோட சொந்தபந்தம் இன்னொரு வேலையையும் சேர்த்து நம்ம தலையில கட்டிடுது. தாராபுரம், கோபி, பொள்ளாச்சி எந்த ஊர்ல இருந்து யார் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் போன் நமக்குத்தான். “கண்ணு, கொஞ்சம் கூட வந்துட்டுப் போ. டாக்டரு என்னமோ இங்கிலீஷ்ல சொல்றாரு, ஒண்ணும் விளங்கல.”

நாமளும் லேபை கட் அடிச்சுட்டுக் கிளம்பிடுவோம். போற வழியில ஒரு பயம் இருக்கும்: வாயில நுழையாத மெடிக்கல் வார்த்தை ஏதாவது வந்துட்டா என்ன பண்றது? அந்தப் பயம் தேவையில்லை. ‘கோலிசிஸ்டெக்டமி’ன்னு டாக்டர் சொன்னா, “அப்படின்னா என்னங்க சார்?”னு உடனே கேட்போம். அவரும் பித்தப்பையை எடுக்கறதுன்னு சொல்லிடுவார். முடிஞ்சது. தெரியாத வார்த்தை நம்மளை நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கும். சிக்கல் பண்றது தெரிஞ்ச மாதிரி இருக்கற வார்த்தைங்கதான். அங்க யாரும் கேள்வியே கேட்க மாட்டோம்.

அதுக்கு உலகம் முழுக்கச் சொல்ற உதாரணம் ஒண்ணு இருக்கு. 1980, அமெரிக்காவின் ஃபுளோரிடா. கியூபாவைச் சேர்ந்த குடும்பம், 18 வயசுப் பையன், நினைவில்லாத நிலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றாங்க. வீட்டுல ‘இன்டாக்ஸிகாடோ’ன்னு ஸ்பானிஷ்ல சொல்றாங்க. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலைங்கறது அவங்க ஊர்ல அதுக்கு அர்த்தம். கேட்டவங்களுக்கு அது இங்கிலீஷ் ‘இன்டாக்ஸிகேட்டட்’ மாதிரி விழுந்தது. அதாவது போதை. அளவுக்கு மீறிய போதை மருந்துன்னு முடிவு பண்ணி அதுக்கு வைத்தியம் நடந்தது. உண்மையில பையனுக்கு மூளைக்குள்ள ரத்தக்கசிவு. அதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நாள் போயிடுச்சு. கை கால் நாலும் செயலிழந்து போச்சு. பின்னாடி இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர்னு பேசப்பட்டது. இந்தக் கதையில மொழிபெயர்ப்பாளர் வேணும்னு யாருமே கேட்கலை, ஏன்னா வார்த்தை புரிஞ்சுடுச்சுன்னு ரெண்டு பக்கமும் நினைச்சாங்க.

இப்போ நம்ம பக்கம் வாங்க. ‘மயக்கம்’ங்கற ஒரே வார்த்தையை எடுத்துக்கோங்க. தலை சுத்தறதும் மயக்கம். கண்ணை இருட்டிக்கிட்டு வர்றதும் மயக்கம். நினைவில்லாம விழுந்து கிடக்கறதும் மயக்கம். தூக்கக் கலக்கமா சொக்கிப் போறதும் மயக்கம். ஆபரேஷனுக்குக் குடுக்கற மருந்தும் மயக்க மருந்து. போதைக்கும் அதே சொல். டாக்டருக்கு இது ஒவ்வொண்ணும் வேற வேற வழி. இடமே சுத்தற மாதிரி இருந்தா அவர் காதையும் சேர்த்துப் பார்ப்பார். எந்திரிச்சு நின்னதும் கண்ணு இருட்டினா ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். நினைவே போயிருந்தா இதயமா, மூளையான்னு தேடணும். “பாட்டிக்கு மயக்கம் வந்துச்சு”ன்னு 108-க்கு போன் பண்ணிச் சொன்னா, பாட்டி கட்டில்ல உட்கார்ந்து காபி குடிச்சுட்டு இருக்காங்களா, கூப்பிட்டா பேச்சு மூச்சில்லாம கிடக்காங்களான்னு எதிர்முனையில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ‘கூப்பிட்டா பதில் சொல்றாங்க’, ‘கண்ணைத் திறக்கலை, ஆனா மூச்சு இருக்கு’. இப்படிச் சொல்லுங்க.

‘நரம்பு’ இன்னும் மோசம். “நரம்புல ஊசி போட்டாங்க”ன்னா அது ரத்தக்குழாய், சிரை. “நரம்புத் தளர்ச்சி”ன்னா நிஜமாவே நரம்பு. “கெண்டைக்கால்ல நரம்பு இழுத்துக்கிச்சு”ன்னா அது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. ஸ்கூல் அறிவியல் புத்தகத்துல தமனி, சிரை, நரம்பு, தசைநாண்னு தனித்தனியாப் படிச்சு மார்க் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் நாலும் திரும்ப ஒரே நரம்பா ஆயிடும். அம்மாயி “நரம்புல வலிங்க”ன்னு சொன்னதை நீங்க அப்படியே ‘நெர்வ் பெயின்’னு இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்தா, அவங்க சொல்லாத ஒரு நோயை நீங்க சொல்லிட்டீங்க.

இடுப்பும் அப்படித்தான். நம்ம ஊர்ல இடுப்பு வலின்னா பாதி நேரம் கீழ்முதுகு. இங்கிலீஷ்ல ‘ஹிப்’னு சொன்னா தொடையெலும்பு சேர்ற மூட்டுக்கு எக்ஸ்ரே எழுதுவாங்க. கை, கால் ரெண்டும் தமிழ்ல தோள்ல இருந்து விரல் வரைக்கும், தொடையில இருந்து பாதம் வரைக்கும். இங்கிலீஷ்ல ஆர்ம் வேற, ஹேண்ட் வேற. லெக் வேற, ஃபுட் வேற. நெஞ்சுல ஆரம்பிச்சு இடது தோள் வழியா இறங்கற வலியை ‘ஹேண்ட் பெயின்’னு சொன்னீங்கன்னா கேட்கறவர் உள்ளங்கையைத்தான் பார்ப்பார். இந்தக் கை கால் குழப்பம் பிரெஞ்சுக்காரங்களுக்கு இல்லை, அவங்க மொழியிலயும் ரெண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அப்புறம் ‘மேலுக்கு முடியலைங்க’. இந்த ‘மேலு’ உடம்பு. அப்பர் பாடி இல்லை!

சரி, இதையெல்லாம் எப்படி இங்கிலீஷ்ல சொல்றதுன்னு நீங்க கேட்டா, என் பதில்: சொல்லாதீங்க. கோயம்புத்தூர்ல டாக்டர் முன்னாடி உட்கார்ந்தா பெரும்பாலும் அவருக்குத் தமிழ் நல்லாவே தெரியும். நாமதான் படிச்ச பையன், படிச்ச பொண்ணுன்னு காட்டறதுக்கு “சார், ஷீ இஸ் ஹேவிங்...”னு ஆரம்பிக்கறோம். பெரியவங்க ‘கிறுகிறுன்னு வருதுங்க’ன்னு சொன்னா அந்தக் ‘கிறுகிறு’ அப்படியே டாக்டர் காதுக்குப் போகட்டும். கூட வந்தவங்க வேலை விட்டதை ஞாபகப்படுத்தறது மட்டும்தான். எத்தனை நாளா, என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எந்த மருந்து ஒத்துக்காது.

வலிக்கு நம்மகிட்ட இருக்கற சொற்கள் கொஞ்சநஞ்சமில்லை. குத்துது, கடுக்குது, எரியுது, பிசையுது, இழுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, சுரீர்னு ஓடுது, மரத்துப் போச்சு. இது கிராமத்துப் பேச்சுன்னு ஒதுக்காதீங்க, மருத்துவம் இதைத்தான் தேடுது. கனடாவில் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975-ல் ஒரு வலி வினாத்தாள் வெளியிட்டார். 78 வலிச் சொற்கள், 20 தொகுதிகள். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கறாங்கங்கறதே நோயைக் கண்டுபிடிக்க ஒரு தடயம். இதையே பிரெஞ்சுக்குக் கொண்டு போனப்போ, பாரிஸ் செயின்ட் அந்துவான் ஆஸ்பத்திரியில் அப்படியே மொழிபெயர்க்காம, பிரெஞ்சு பேசறவங்க வலிக்குச் சொல்ற சொற்களை வெச்சுத் திரும்பக் கட்டினாங்க. ‘த்ராபிங்’குக்கு அகராதியைப் பார்க்கறதை விட விண்விண்ணுனு தெறிக்குதுன்னு சொல்றது மேல்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் தமிழ்ல இருந்தும் இங்கிலீஷ்ல இருந்தும் சேர்த்தே தூக்கிடலாம்: ‘கேஸ்’. நெஞ்சை அழுத்தறதுக்கு “கேஸ்தானுங்க, சோடா குடிச்சாச் சரியாயிரும்”னு அப்பாரு சொல்வார். கேஸ்ங்கறது அறிகுறி இல்லை, அவரே குடுத்துக்கற தீர்ப்பு. மாரடைப்பு சில பேருக்கு அஜீரணம் மாதிரியே தெரியும். “நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு, வேர்த்து ஊத்துது”ன்னு இருந்தா அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்க, தீர்ப்பை டாக்டர் எழுதட்டும்.

தமிழ்ல பேசிடலாம். ஆனா கையில குடுக்கற காகிதம் எல்லாம் இங்கிலீஷ். அங்கதான் நாம தேவைப்படறோம், அங்கயும் நம்மளைக் கவுக்கறது காலேஜ்ல தெனமும் புழங்கற வார்த்தைங்கதான்.

ஓ.டி.னா நமக்கு ஆன்-டியூட்டி, அட்டெண்டன்ஸ். மருந்துச் சீட்டுல ஓ.டி.னா ஒரு நாளைக்கு ஒரு தடவை, லத்தீன் மொழிச் சுருக்கம். கண் ஆஸ்பத்திரிச் சீட்டுல அதே ஓ.டி. வலது கண்! இந்த மாதிரிக் குழப்பம் வரும்னுதான் மருந்துப் பாதுகாப்பு பத்திப் பேசற அமெரிக்க அமைப்பு ஒண்ணு இதைத் தவிர்க்க வேண்டிய சுருக்கங்கள் பட்டியல்ல வெச்சிருக்கு. பி.டி. ரெண்டு வேளை, டி.டி.எஸ். மூணு வேளை (திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணிக்கு அளக்கற டி.டி.எஸ். இல்லைங்க). எஸ்.ஓ.எஸ்.னு போட்டிருந்தா பதற வேண்டாம், தேவைப்பட்டா மட்டும் போட்டுக்கற மாத்திரை. என்.பி.ஓ.ன்னா வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாது. அதுல தண்ணியும் காபியும் அடங்கும். ‘ரெண்டு வாய் கஞ்சிதானே’ன்னு குடுத்தா ஆபரேஷன் தள்ளிப் போகலாம், மயக்க மருந்து குடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள போகற ஆபத்தும் இருக்கு. 1-0-1ன்னா காலை, ராத்திரி. பைனரியில அஞ்சு இல்லை.

‘எலக்டிவ் சர்ஜரி’. நம்ம எலக்டிவ் சப்ஜெக்ட் மாதிரி வேணும்னா எடுக்கலாம், வேண்டாம்னா விடலாம்னு அர்த்தம் இல்லை. நாள் குறிச்சுச் செய்யலாம், இந்த நிமிஷமே ஓட வேண்டியதில்லை. அவ்வளவுதான். புற்றுநோய்க் கட்டியை எடுக்கற ஆபரேஷன் கூட எலக்டிவ்னு எழுதப்படலாம். ‘க்ரானிக்’னா ரொம்ப மோசம்னு வீட்டுல பீதியைக் கிளப்பாதீங்க, நாள்பட்டது, அவ்வளவே. ‘அக்யூட்’தான் திடீர்னு வந்தது. நர்ஸ் “டிஸ்சார்ஜ் இருக்கா?”ன்னு கேட்டா வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு பையைக் கட்டிடாதீங்க, புண்ணுல சீழோ நீரோ வடியுதான்னு கேட்கறாங்க. ‘கல்ச்சர் ரிப்போர்ட்’ ரெண்டு மூணு நாள் ஆகறது லேப்காரங்க சோம்பேறித்தனம் இல்லை, கிருமியை வளர்த்துப் பார்க்கணும், அது வளர நேரம் எடுக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்ல ‘அன்ரிமார்க்கபிள்’னு இருந்தா சந்தோஷப்படுங்க. குறிப்பிடற மாதிரி கோளாறு எதுவும் இல்லை.

ட்ரிபிள் ஈ நண்பர்கள் கவனிக்க வேண்டியது ‘ஷாக்’. “பேஷண்ட் ஷாக்ல இருக்காரு”ன்னு டாக்டர் சொன்னா அது கரண்ட்டும் இல்லை, துக்கச் செய்தி கேட்ட அதிர்ச்சியும் இல்லை. உடம்புக்குப் போதுமான ரத்த ஓட்டம் போகலை, உயிருக்கே ஆபத்து. “பயந்துட்டாரு போல, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுருவாரு”ன்னு ஊருக்கு போன்ல சொல்லிட்டா, வர வேண்டியவங்க வராமப் போயிடுவாங்க.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு உட்கார வைக்கறதுக்குப் பேர் ‘ட்ரியாஜ்’. பிரெஞ்சுச் சொல், கம்பளியையும் காபிக் கொட்டையையும் தரம் பிரிக்கறதுக்குச் சொன்னது, போர்க்களம் வழியா ஆஸ்பத்திரிக்கு வந்தது. பச்சையில உட்கார வெச்சுட்டு அப்புறம் வந்த ஆளை முன்னாடி கூட்டிட்டுப் போனா சண்டைக்குப் போகாதீங்க. காத்திருக்க முடியற நிலையில நம்ம ஆள் இருக்கார்ங்கறது நல்ல சேதி. பாலக்காட்டுப் பக்கத்துல இருந்து வர்றவங்க கூட இருக்கறவரை ‘பைஸ்டாண்டர்’ம்பாங்க. இங்கிலீஷ்ல அது வேடிக்கை பார்க்கறவர். அதுவும் சில சமயம் பொருத்தமாத்தான் இருக்கு.

இதெல்லாம் தமிழ்ல சொல்லவே முடியாதான்னு கேட்கறவங்களுக்கு ஒரு பேர்: சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷனரி டாக்டர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் சொல்லிக் குடுத்தார். முதல்ல இங்கிலீஷ்ல, 1860-களில் இருந்து தமிழ்ல. 1867-ல் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’, 1872-ல் கிரேயின் உடற்கூற்றியல் ‘மனுஷ அங்காதிபாதம்’னு தமிழில் வந்தது. இன்னைக்கும் மெடிக்கல் மாணவர்கள் தூக்கிட்டு அலையற அதே கிரே! சொல் இல்லாத இடத்துல சொல் உருவாக்கினார், தமிழ் தெரிஞ்ச மாணவர்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. நம்ம ஆளுங்க 2010-ல் சிவிலும் மெக்கும் தமிழ் வழியில வந்தப்போ சிரிச்சாங்க. ‘அதுக்கெல்லாம் வார்த்தை இருக்கா?’ன்னு. நரம்பையும் சிரையையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்ச மொழி இது. பிரிச்சுப் பேசற பழக்கம்தான் விட்டுப் போச்சு.

கடைசியா ஒரு ஜோடி: ‘அட்டாக்’, ‘ஸ்ட்ரோக்’. வீட்டுல ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்வாங்க. அட்டாக் நெஞ்சு, ஸ்ட்ரோக் மூளை, பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு, ஒரு கை தூக்க வரலை, பேச்சு குழறுதுன்னா ஸ்ட்ரோக். ரத்தக்கட்டியால வந்த ஸ்ட்ரோக்குக்கு, கட்டியைக் கரைக்கற ஊசி வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதனால டாக்டர் முதல்ல கேட்கறது, “எப்போ ஆரம்பிச்சது?” நம்ம ஊர்ப் பதில், “இப்பத்தானுங்க.” ‘இப்பத்தான்’ங்கறது பத்து நிமிஷமாவும் இருக்கலாம், காலையில இருந்தும் இருக்கலாம். “ஆறு மணிக்கு எந்திரிக்கும்போதே இப்படித்தான் இருந்தாரு”ன்னா கணக்கு ஆறுல ஆரம்பிக்காது. ராத்திரி பத்து மணிக்கு நல்லாப் பேசிட்டுப் படுத்தார்னா பத்துல இருந்துதான். டாக்டர் கேட்கறது, கடைசியா அவரை நல்லா இருக்கும்போது பார்த்த நேரம். போன் வந்த உடனே, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள, பக்கத்துல இருந்தவங்ககிட்ட அந்த ஒரு நேரத்தைக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.