மேட்டில் இறங்கித் தள்ளினால் வீணா?



எங்கள் சபைகளில் ஐம்பதைத் தாண்டிய சிலர் அதிகாலையில் கியர் சைக்கிளில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போய்வருகிறார்கள். பந்தயத்துக்கு அல்ல, மனமகிழ்ச்சிக்காக. அவர்களில் ஒருவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஒரு நாள் எங்களிடம் கேட்டார்: "ஐயா, மேட்டில் தொடை எரிகிறது, மூச்சு இரைக்கிறது. பொறுத்துக்கொண்டு மிதித்தால்தான் பலனா? இறங்கித் தள்ளினால் வீணா?" நியாயமான கேள்வி. வைத்தியர்களிடம் விசாரித்தும் சிறிது வாசித்தும் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே மோன் வான்டூ என்றொரு மலை உண்டு. உயரம் சுமார் 1,910 மீட்டர். அடிவாரத்துப் பெதுவான் கிராமத்திலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். முதலில் திராட்சைத் தோட்டங்கள், பிறகு செங்குத்தான காட்டுப்பாதை, கடைசி ஆறு கிலோமீட்டர் நிழலே இல்லாத வெள்ளைக் கல். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பொழுதுபோக்காக இதில் சைக்கிளில் ஏறுகிறார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஏறுகிறவர்கள் அங்கே நின்று தண்ணீர்ப் புட்டியையோ தொப்பியையோ வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

அது டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயரின் நினைவுக்கல். 1965இல் உலகச் சாம்பியன் ஆனவர். 1967 ஜூலை 13ஆம் தேதி, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், கடும் வெயிலில் இந்த மலையில் தள்ளாடி விழுந்தார். தூக்கி விட்டார்கள்; மறுபடியும் மிதித்தார்; மறுபடியும் விழுந்து மரித்தார். வயது 29. அவர் சரீரத்தில் ஆம்ஃபெட்டமைன் என்னும் ஊக்க மருந்து இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அந்த மருந்து பலத்தைக் கூட்டுவதைவிடக் களைப்பை மறைப்பதே அதிகம். உஷ்ணம் ஏறுகிறது, நீர் வற்றுகிறது, நிறுத்து என்று சரீரம் அடிக்கும் மணியின் நாக்கை அது கட்டிவிடுகிறது. மன உறுதி மாத்திரம் மிகுந்திருந்தாலும் சில வேளைகளில் இதே காரியம் நடக்கும் என்பதால்தான் இதை விரிவாய்ச் சொன்னோம்.

அப்படியானால் எல்லாக் கஷ்டமும் ஆபத்தா? இல்லை. மேட்டில் தொடை எரிவதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று நாங்கள் பள்ளியில் படித்தோம். ஆனால் லாக்டேட்டைத் தசைகளும் இருதயமும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அது வெறும் கழிவு அல்ல. வேகத்தைக் குறைத்தால் ஓரிரு நிமிஷங்களில் அந்த எரிச்சல் அடங்கிவிடும். இப்படி இளைப்பாறினவுடன் போய்விடுகிற கஷ்டத்தை ஆரோக்கியமானவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். பழகப் பழக இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகும்.

ஆனால் இதே நன்மைகளில் பெரும்பங்கு, பேசிக்கொண்டே நெடுநேரம் மிதிப்பதாலும் கிடைக்கிறது. பந்தய வீரர்களே தங்கள் பயிற்சியின் பெரும்பகுதியை நிதானமாய்த்தான் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடினமான உழைப்பு என்றே சொல்லுகிறது. கஷ்டப்பட்டால் நேரம் பாதியாகும், அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்திற்கா பஞ்சம்?

பொறுக்கவே கூடாத வலிகளும் உண்டு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாயிருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்வாயிருக்கலாம். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராய் நிற்கவேண்டும் என்பது பழைய அளவு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிப்பதால் உள்ளங்கையில் ஓடும் நரம்பு நசுங்குவதால். இவற்றைச் சகித்துக்கொள்வதில் ஒரு புண்ணியமும் இல்லை. ஸ்பேனரை எடுத்தால் போதும்.

நெஞ்சின் காரியம் வேறு. மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வெயிலில் திடீரென்று குளிர் நடுக்கம் வந்தால் உடனே இறங்கி உட்காரவேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிடவேண்டும். நின்றவுடன் இறுக்கம் போய்விட்டாலும் வைத்தியரைப் பார்த்தே ஆகவேண்டும். "வாயு என்று நினைத்தேன், ஐயா." இருதயப் பிரிவில் கட்டில் அருகே உட்கார்ந்து நாங்கள் எத்தனை முறை கேட்ட வார்த்தை இது!

மோன் வான்டூ மலையைப் பற்றி இன்னொன்று. 1336ஆம் ஆண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ராக் தம் சகோதரனோடு அதன்மேல் நடந்து ஏறியதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். தம்பி செங்குத்தான வழியில் நேரே ஏற, இவர் எளிய வழி தேடித் தேடிப் பள்ளத்தில் இறங்கி, அவனைவிட அதிகமாய்க் களைத்தாராம். உச்சியில் பரிசுத்த அகஸ்தீனின் புத்தகத்தைத் திறந்து வாசித்தார் என்பதால் இறையியல் கல்லூரியில் இதைக் கேட்டிருந்தோம். தம்பியின் வழி இப்பொழுதுதான் எங்கள் கவனத்துக்கு வந்தது. எல்லா மேட்டையும் தவிர்க்கிறவருக்கு உச்சியும் இல்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

எங்களிடம் கேட்ட நண்பருக்கு வைத்தியர் முதலில் டிரெட்மில் பரிசோதனை செய்தார். பயப்படும்படி ஒன்றுமில்லை. அவர் சாப்பிடும் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை; அது நாடித்துடிப்பைக் குறைத்தே காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பவேண்டாம், மேட்டில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பேச்சு இரண்டு வார்த்தைக்குச் சுருங்கினால் கியரைக் குறைப்பது, அதுவும் போதாவிட்டால் இறங்கித் தள்ளுவது. போன வாரம் மூன்று முறை இறங்கினாராம். நான்காவது மேட்டில் அவர் இறங்கவில்லை.