வயிற்றுக் குழந்தையைக் காட்டும் ஒலி!

ஐந்தாம் மாத ஸ்கேன் எதற்காக?

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால், ஒலியால் பார்க்கலாம். அதுவும் காதுக்குக் கேட்காத ஒலியால்!

"ஸ்கேன்" கருவி செய்கிற அதிசயம் இதுதான்.

கர்ப்பிணிப் பெண்கள் ஐந்தாம் மாதத்தில் இந்த ஸ்கேன் எடுத்துக் கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். "ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்கு ஆகுமா?" என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். "ஆணா, பெண்ணா என்று தெரிந்து விடுமா?" என்று சில வீடுகளில் ஆசைப்படுகிறார்கள்.

அந்தப் பயமும் வேண்டாம். இந்த ஆசையும் வேண்டாம்.

கிணற்றில் கேட்கும் குரல்

ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால், குரல் திரும்பி வருகிறது. அதுதான் எதிரொலி.

கடலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை இந்த முறையில்தான் கண்டுபிடித்தார்கள். ஒலியை அனுப்புவார்கள். அது கப்பலில் பட்டுத் திரும்பும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று பார்த்து, தூரத்தைக் கணக்கிடுவார்கள்.

இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் பார்ப்பதும் இதே முறையில்தான்.

"இரும்புக்குள் பார்க்கும் ஒலி, மனித உடம்புக்குள் பார்க்காதா?" என்று நினைத்தார் ஒரு டாக்டர். அவர் பெயர் இயன் டொனால்ட். ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரில் பிரசவ மருத்துவப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் வேலை பார்த்தவர்.

தொழிற்சாலைக்குப் போன டாக்டர்

1955-ம் ஆண்டு ஜூலை மாதம். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கு டொனால்ட் போனார். அவருடைய காரில் இருந்தவை என்ன தெரியுமா? ஆபரேஷன் செய்து எடுத்த கட்டிகள்!

இரும்பைச் சோதிக்கும் கருவியை அந்தக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் கொடுத்தார்கள். நீர்க்கட்டி ஒரு விதமாக எதிரொலி கொடுத்தது. கெட்டியான கட்டி வேறு விதமாகக் கொடுத்தது.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினீயரும், ஜான் மெக்விகார் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்தார்கள்.

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் ஒரு நோயாளிப் பெண். அவருக்கு வயிற்றில் புற்றுநோய், ஆபரேஷன் செய்ய முடியாது என்று கைவிட்டு விட்டார்கள். டொனால்டின் கருவியோ, "இது நீர்க்கட்டி" என்று காட்டியது. ஆபரேஷன் நடந்தது. அந்தப் பெண் பிழைத்தார்!

1958-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கருவில் இருக்கும் குழந்தையின் படமும் அதில் இருந்தது.

எக்ஸ்ரே வேறு, ஸ்கேன் வேறு

அதற்கு முன் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். 1956-ல் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று கண்டார்.

இந்த ஸ்கேனில் எக்ஸ்ரே கிடையாது, வெறும் ஒலிதான். மனிதக் காதுக்கு எட்டுவது, விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரை. ஸ்கேன் ஒலியோ, விநாடிக்கு 20 லட்சம் அதிர்வுக்கு மேல்! பயிற்சி பெற்றவர், தேவைக்கு எடுக்கும் ஸ்கேனால் குழந்தைக்குத் தீங்கு வந்ததாக நிரூபணம் இல்லை.

ஸ்கேன் அறையில்...

18 வாரம் முதல் 22 வாரத்துக்குள் இந்த ஸ்கேன் எடுப்பது நல்லது. அப்போது குழந்தை ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகம். ஆனால், உறுப்புகள் எல்லாம் உருவாகி விட்டன.

தாயின் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவுகிறார்கள். எதற்கு? தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது.

டாக்டர் பேசாமல் திரையையே பார்க்கிறார். "ஏன் பேச மாட்டேன் என்கிறார்? ஏதாவது குறையோ?" என்று தாயின் நெஞ்சு அடித்துக் கொள்கிறது. பயப்பட வேண்டாம். அவர் அளந்து கொண்டிருக்கிறார்!

தலையின் சுற்றளவு, மூளை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், தொடை எலும்பு, தொப்புள் கொடி, பனிக்குடத் தண்ணீர், நஞ்சு இருக்கும் இடம்... ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குழந்தை குப்புறக் கிடந்தால், "கொஞ்சம் நடந்து விட்டு வாருங்கள்" என்பார். குழந்தை புரண்டதும் மறுபடி பார்ப்பார்.

இந்த நேரத்தில் கணவனும் கூட இருப்பது நல்லது. திரையில் துடிக்கும் இதயத்தை இருவரும் பார்க்கலாம். டாக்டர் சொல்வதை இருவரும் கேட்கலாம்.

குறை தெரிந்தால்?

பெரும்பாலான தாய்மார்கள் நல்ல செய்தியுடன் வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு மட்டும், "இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்று டாக்டர் சொல்வார். உடனே அழுது விடக் கூடாது.

நஞ்சு கீழே இறங்கி இருக்கலாம். கர்ப்பப்பை பெரிதாகும்போது, பலருக்கு அது தானே மேலே போய் விடும். போகாவிட்டால், பிரசவத்தில் ரத்தப் போக்கு ஏற்படும். முன்கூட்டியே தெரிந்தால், ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். தாயையும் சேயையும் காப்பாற்றலாம்.

குழந்தையின் இதயத்தில் குறை இருந்தால், இதய நிபுணர்கள் உள்ள ஊரில் பிரசவம் பார்க்கலாம்.

தீராத குறைகளும் உண்டு. அப்போது கணவனும் மனைவியும் நிபுணரிடம் மனம் விட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டும். அதற்கு நாள் வேண்டும். அதனால் ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது.

ஸ்கேன் எல்லாக் குறைகளையும் காட்டி விடாது என்பதையும் மறக்கக் கூடாது.

கேட்கக் கூடாத கேள்வி

உயிரைக் காக்க வந்த கருவியைக் கொண்டே உயிரை அழித்தவர்களும் உண்டு. பெண் என்று தெரிந்ததும் கருவைக் கலைத்தார்கள். அதைத் தடுக்க 1994-ல் இந்தியாவில் சட்டம் வந்தது.

ஆணா, பெண்ணா என்று டாக்டர் சொல்லக் கூடாது. சைகையும் காட்டக் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. அதைத் தெரிந்து கொள்ள ஸ்கேன் எடுக்கச் சொல்லும் கணவனுக்கும் உறவினருக்கும் சிறை உண்டு. 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மாமியார் வாசலில் காத்திருப்பார். "என்ன குழந்தையாம்?" என்று கேட்பார்.

"நல்ல குழந்தை, அத்தை!" என்று மருமகள் சொன்னால் போதும்.

ஆணா, பெண்ணா என்பதைப் பிரசவ நாள் சொல்லும். நலமா என்பதை ஐந்தாம் மாதமே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.